கை வலி கழுத்து நரம்பிலிருந்தா, தோள்மூட்டிலிருந்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம், கம்பம், கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். இன்னொரு கூட்டம், விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் மலை இறங்குகிறவர்கள். கை வலி என்று வந்தால் இரண்டு கூட்டமும் ஒரே வார்த்தைதான் சொல்லும்: "நரம்பு இழுக்குது." அப்படிச் சொல்பவர்களில் பலருக்கு நரம்பில் ஒரு கோளாறும் இருக்காது. "தோள் ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்று வரும் சிலருக்கோ கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கும்.

திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்து நீங்களே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். யாரிடம் போவது, போனால் என்ன சொல்வது என்று தெரிந்தால் போதும்.

கை வலிக்குதுன்னு வந்தா கழுத்தப் புடிச்சுப் பாக்குறீங்க. கையிலதானே கோளாறு?

கழுத்தில் எலும்புகள் 7. அங்கிருந்து இரண்டு பக்கமும் கிளம்பும் நரம்புகள் 8 ஜோடி. அவற்றில் ஐந்தாவது முதல் எட்டாவது வரையும், நெஞ்சுப் பகுதியின் முதல் நரம்பும் சேர்ந்துதான் தோளிலிருந்து விரல் நுனி வரை உணர்ச்சியையும் பலத்தையும் தருகின்றன. தெருமுனைக் கம்பத்தில் ஒயர் உரசினால் வீட்டுக்குள் இருக்கிற பல்பு மினுக்கும். அப்போது பல்பைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. கழுத்து எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியோ, எலும்பு ஓரம் வளர்ந்தோ நரம்பின் வேரை அழுத்தினால், வலி தெரிகிற இடம் முழங்கையாகவோ விரலாகவோ இருக்கும். சிலருக்குக் கழுத்தில் வலியே இருக்காது.

சுருக்கமாச் சொல்லுங்க மேடம், எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். வலி எதுவரை போகிறது? எதை அசைத்தால் வருகிறது?

தோள்மூட்டு வலி பெரும்பாலும் மேல்கையோடு நின்றுவிடும். முழங்கையைத் தாண்டுவது குறைவு, விரலை மரக்கச் செய்வது இல்லை என்றே சொல்லலாம். தோளை அசைத்தால்தான் வலி வரும்: மேல் அலமாரியில் டப்பா எடுக்கும்போது, சட்டைக்குள் கை நுழைக்கும்போது, பின்னால் கையைக் கொண்டுபோய் ஊக்குப் போடும்போது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது.

நரம்பு வலி முழங்கையைத் தாண்டி முன்கைக்கும் விரலுக்கும் கோடு போட்டது போல இறங்கும். கரண்ட் அடித்த மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி, மிளகாய் தடவின மாதிரி என்று சொல்வார்கள். தோளை அசைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, கழுத்தை அண்ணாந்தாலோ அந்தப் பக்கம் திருப்பினாலோ சுள்ளென்று வரும். தும்மினால், இருமினால் கூடும். இவற்றில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கீழே சொல்கிறேன். விதிவிலக்குகள் இருக்கின்றன.

எனக்கு வலிக்கிறது புஜத்துலதான், தோள் மேல ஒண்ணுமில்ல. அப்ப மூட்டு நல்லாத்தானே இருக்கு?

இல்லை. தோள்மூட்டு கெட்டால் வலி அதிகம் தெரிகிற இடமே மேல்கையின் வெளிப்புறம்தான், அதாவது தடுப்பூசி போடுகிற இடம். அங்கே தைலம் தேய்த்துக்கொண்டே மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கோளாறு அதற்கு மேலே, எலும்புக் கூரைக்கு அடியில், அதாவது மூட்டின் மேல் கூரை போல நிற்கும் தோள்முனை எலும்புக்கு அடியில் இருக்கிறது.

மாறாக, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், துண்டு போடுகிற இடத்தில் வலிக்கிறது என்றால் கழுத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில், முதுகுப் பக்கமாகக் குடைகிற வலியும் அப்படித்தான். அதனால் டாக்டரிடம் "தோள்பட்டை வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கையால் தொட்டுக் காட்டுங்கள். மூட்டு வலிக்காரர் உள்ளங்கையை மேல்கை மீது அகலமாகப் பதித்துக் காட்டுவார். நரம்பு வலிக்காரர் ஒரு விரலால் மேலிருந்து கீழே கோடு இழுப்பார். பல நேரம் எனக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுலயே செஞ்சு பாக்க ஏதாச்சும் இருக்கா?

இருக்கிறது, எல்லாமே மெதுவாகச் செய்ய வேண்டியவை. கையை உடம்போடு ஒட்டி, பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். ஏறக்குறைய 60 டிகிரியில் வலி தொடங்கி, 120 தாண்டியதும் குறைந்தால், தோளின் தசைநாண்கள், அதாவது சதையை எலும்போடு கட்டும் நாண்கள் (ஜவ்வு என்று நீங்கள் சொல்வது), உரசுகின்றன என்று பொருள். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் கதவு திறப்பது போலத் திருப்புங்கள். நல்ல கையோடு ஒப்பிட்டால் பாதிகூடத் திரும்பாமல் முட்டி நின்றால், தோள் இறுகியிருக்கிறது.

மூன்றாவது, வலிக்கிற கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். கழுத்து நரம்பு அழுந்தியவர்களில் பலருக்கு இதில் வலி இறங்கும், நரம்பின் இழுவிசை தளர்வதால். தலையில் கை வைத்துக்கொண்டேதான் ராத்திரி தூங்குகிறேன் என்று அவர்களாகவே வந்து சொல்வதும் உண்டு. தோள்மூட்டு கெட்டவருக்கோ கையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதே பாடு.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். தலையைச் சாய்த்து, மேலிருந்து ஒருவர் அழுத்திப் பார்க்கிற சோதனை வீடியோக்களில் வருகிறது. அது மருத்துவர் கையில் இருக்கவேண்டிய சோதனை.

எந்த விரல் மரக்குதுன்னு ஏன் துருவித் துருவிக் கேக்குறீங்க?

விரல்தான் நரம்பின் விலாசம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் ஆறாவது கழுத்து நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது. அதிகமாக அழுந்துவதும் அதுதான். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் எட்டாவது. பலமும் இதே போலப் பிரியும். ஆறாவது கெட்டால் முழங்கையை மடக்குவதும் மணிக்கட்டை மேலே தூக்குவதும் தளரும். ஏழாவது என்றால் முழங்கையை நீட்டித் தள்ளுகிற பலம் போகும், கனமான கதவைத் தள்ளும்போது தெரியும். எட்டாவது என்றால் பிடி தளரும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "சி5-சி6 டிஸ்க்" (ஐந்தாவது, ஆறாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருப்பது) என்று இருந்தால் அழுந்துவது வழக்கமாக ஆறாவது நரம்பு. உங்கள் மரப்பு சுண்டுவிரலில் இருந்தால் அந்த டிஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன் யோசிக்கவேண்டும். ஆளுக்கு ஆள் நரம்பின் எல்லைகள் கொஞ்சம் மாறும் என்பதும் உண்மைதான்.

அப்ப விரல் மரத்தாலே கழுத்துதான்னு வச்சுக்கலாமா?

கூடாது. மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரத்து, ராத்திரி தூக்கத்தில் எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் அது பெரும்பாலும் மணிக்கட்டு. இந்த வலி சில நேரம் மேலேறித் தோள் வரை போய்க் குழப்பும். நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிறவர்கள், பால் கறக்கிறவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைவு உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள் ஆகியோருக்கு இது அதிகம்.

சுண்டுவிரல் மட்டும் மரத்து, முழங்கையை மடக்கிப் போன் பேசினால் கூடுகிறது என்றால், முழங்கையின் உட்பக்கம் ஓடுகிற நரம்பைப் பார்க்கவேண்டும். இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து, உறை மாட்டியது போல மரத்தால் கழுத்தையும் தோளையும் விட்டுவிட்டுச் சர்க்கரை, பி12 அளவைப் பாருங்கள்.

பந்தல் வேலையாலதான் வந்துச்சா? அப்ப வேலைய விட்டுறணுமா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த ஊரில் அதிகம் பதில் சொல்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்கக் காய்ப்பு இருப்பது இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது தோளும் கழுத்தும். வேறு ஊர்களில் ஒரு பட்டம் முடிந்தால் தோள் ஓய்வெடுக்கும், இங்கே கவாத்து, கொடி கட்டுதல், அறுப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கை இரண்டும் மேலே தூக்கியபடி, முகம் அண்ணாந்தபடி, ஒரு கொத்துக்கு அடுத்த கொத்து என்று மணிக்கணக்கில் நிற்கவேண்டும். கை மேலே நிற்பதால் தோளின் தசைநாண் எலும்புக் கூரைக்கு அடியில் நசுங்குகிறது. முகம் அண்ணாந்திருப்பதால் கழுத்தில் நரம்பு வெளியேறும் துவாரம் சுருங்குகிறது. அதாவது இந்த வேலை இரண்டு நோயையும் ஒரே நேரத்தில் தூண்டும். அதனால் "பந்தல் வேலை பார்க்கிறேன்" என்ற தகவல் மட்டும் எனக்கு எதையும் பிரித்துக் காட்டாது.

ஏலத்தோட்டத்தில் கதை வேறு. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. குந்தியோ குனிந்தோ, தலையைத் தொங்கவிட்டு எடுக்கவேண்டும். கை மேலே போவதே இல்லை. அதனால் அங்கிருந்து வரும் கை வலியில் கழுத்தையும் மணிக்கட்டையும் முதலில் பார்க்கிறேன். ஜீப்பில் நெருக்கியடித்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவு வளைவாக வருகிற பயணம் தனிச் சேர்மானம். அதில் தோளுக்கும் பங்கு உண்டு.

வேலையை விடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் விடப்போவதில்லை. பந்தலுக்குக் கீழே பழப்பெட்டியைக் கவிழ்த்து அல்லது ஆடாத முக்காலி போட்டு ஏறி நின்றால், கொத்து முகத்துக்கு நேரே வரும். கை தோளுக்குக் கீழேயே இருக்கும், அண்ணாந்தும் பார்க்க வேண்டாம். ஒரு வரிசை முடித்ததும் பெட்டி சுமக்கிற ஆளோடு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கையத் தூக்கவே முடியல. ஜவ்வு கிழிஞ்சிருச்சா?

தூக்க முடியாததற்கு மூன்று காரணம் இருக்கலாம். அதைப் பிரிக்க ஒரே கேள்வி போதும்: நீங்கள் தூக்க முடியாத கையை வேறொருவர் தூக்கினால் போகிறதா?

அவர் தூக்கினாலும் பாதியில் முட்டி நின்றால், மூட்டின் உறை இறுகியிருக்கிறது, அதாவது உறைந்த தோள். அவர் தூக்கினால் முழுக்கப் போகிறது, கையை விட்டதும் பொத்தென்று விழுகிறது, ராத்திரி தோள் குடைகிறது என்றால் தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். தோளைச் சுற்றி நான்கு தசைநாண்கள் உண்டு. அதிகம் கிழிவது மேலே இருக்கிற ஒன்று. மூன்றாவது, தூக்கிவிட்டால் வலியே இல்லாமல் முழுக்கப் போகிறது, நீங்களாகத் தூக்கினால் பலமே இல்லை, மேல்கைச் சதையும் வற்றியிருக்கிறது என்றால் நரம்பு. ஐந்தாவது கழுத்து நரம்பு கெட்டால் இப்படித்தான் வரும். அது விரலை மரக்கச் செய்யாது, முழங்கையைத் தாண்டவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன "எதுவரை போகிறது" என்ற கேள்வி இந்த ஒரு நரம்பிடம் ஏமாந்துபோகும்.

சர்க்கரை இருக்குன்னு சொன்னதும் 'ம்' போட்டீங்க. அதுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

உறைந்த தோள் சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. 40-லிருந்து 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக. அடியே படாமல் வரும். முதல் சில மாதம் ராத்திரித் தூக்கம் கெடுகிற வலி, பிறகு வலி குறைந்து இறுக்கம், பிறகு மெல்ல மெல்லத் தளர்வு. மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரை இழுக்கும். முன்கையை வெளியே திருப்ப முடியாதது இதன் முதல் அடையாளம். தோள் இறுகி வந்தவர்களில் சிலருக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது. ஆகவே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்ரேயில 'கழுத்து எலும்பு தேய்மானம்'னு எழுதிட்டாங்களே. அப்ப கழுத்துதானே?

50 வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும், வலி இல்லாதவர்களுக்கும். தலை நரைப்பது போல அதுவும் வயதின் கணக்கு. எக்ஸ்ரேயில் நரம்பும் தெரியாது, தசைநாணும் தெரியாது. எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுண்ணாம்புப் படிவு, மூட்டுத் தேய்வு ஆகியவற்றுக்கு அது உதவும். அந்த ஒரு வரியை வைத்து ஆறு மாதம் கழுத்துக்கு இழுவை சிகிச்சை எடுத்து, தோள் முழுக்க இறுகிய பிறகு வந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

நேரா எம்ஆர்ஐ எடுத்துறலாமா? கழுத்துக்கா தோளுக்கா?

எதற்கு எடுப்பது என்று தெரியாமல் எடுக்கும் எம்ஆர்ஐ குழப்பத்தைத்தான் கூட்டும். டிஸ்க் பிதுக்கம் வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். 60 தாண்டியவர்களின் தோளில், எந்தத் தொந்தரவும் தராத கிழிசல்கள் சர்வசாதாரணம். முதலில் ஒருவர் உங்களைத் தொட்டுச் சோதிக்கவேண்டும். அவர் சந்தேகப்படுகிற இடத்துக்குத்தான் படம்.

தோள் தசைநாண் என்று சந்தேகித்தால் பல நேரம் அல்ட்ராசவுண்டே போதும், செலவும் குறைவு. கழுத்து நரம்பு என்றால் எம்ஆர்ஐதான் நல்ல படம். ஆனால் பலம் குறையவில்லை, ஆபத்து அறிகுறி இல்லை என்றால் சில வாரம் வைத்தியம் பார்த்துவிட்டு எடுப்பதில் நஷ்டமில்லை.

கரண்ட் வச்சு நரம்பு டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு வந்துருச்சு. ஆனா வலி இருக்கே?

எப்போது எடுத்தீர்கள்? நரம்பு அழுந்தி மூன்று வாரம் ஆகும் முன் எடுத்தால் தசையில் மாற்றம் பதிவாகாமல் போகலாம். தவிர, உணர்ச்சி இழை மட்டும் பாதிக்கப்பட்டு, பலம் முழுக்க இருந்தால் கழுத்து நரம்பின் கோளாறு அந்தச் சோதனையில் தப்பிவிடும். நார்மல் என்பது நரம்பில் ஒன்றுமே இல்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மணிக்கட்டா கழுத்தா என்று குழம்புகிற நேரத்தில் இது மிக உபயோகம்.

சுளுக்கு எடுத்தா சரியாகுமா? கேரளாவுல உழிச்சல் பாக்கலாம்னு மச்சான் சொல்றாரு.

இறுகிய தசைக்கு எண்ணெய் காய்ச்சித் தடவுவதும் கிழி ஒத்தடமும் இதமாக இருக்கும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லை தாண்டிப் போய் நல்ல வைத்தியரிடம் உழிச்சல் எடுத்துத் தூக்கம் வந்தது என்று சொல்பவர்களை நம்புகிறேன். ஆனால் டிஸ்க் உள்ளே போய்விட்டது, கிழிசல் ஒட்டிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

எண்ணெயோடு நிற்காமல் தலையைப் பிடித்துப் படக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது, முழங்காலை முதுகில் வைத்துத் தோளை இழுப்பது, இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். நரம்பு ஏற்கனவே அழுந்தியிருக்கும்போது கழுத்தைத் திருகினால் தண்டுவடத்துக்கே சேதம் வரலாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிவதும் உண்டு. மரப்போ பலக்குறைவோ இருந்தால் முதலில் சோதனை, அப்புறம்தான் மற்றது.

கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக்கட்டுமா?

வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்கள், அதுவும் பயணத்தில், மாட்டலாம். மாதக்கணக்கில் மாட்டினால் கழுத்துச் சதை சோம்பிவிடும். தோள் வலிக்குக் கையைத் தூளியில் கட்டித் தொங்கவிடுவதும் அப்படித்தான். முறிவோ விலகலோ இல்லாத தோளைக் கட்டி வைத்தால் இறுகும், சர்க்கரைக்காரருக்கு இன்னும் சீக்கிரம்.

வலி நல்லாக் கொறஞ்சிருச்சு அக்கா. கைதான் கொஞ்சம் தளர்வா இருக்கு. விட்டுறலாம்ல?

இதைக் கேட்டால்தான் எனக்குப் பயம். அழுந்திய நரம்பு செயலிழக்கத் தொடங்கினாலும் வலி குறையும். தம்ளர் நழுவுகிறது, சாவி திருப்ப முடியவில்லை, கத்தரி அழுத்தவில்லை, ஒரு பக்கச் சதை மெலிகிறது என்றால் வலி இல்லாவிட்டாலும் நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரை அந்த வாரமே பார்க்கவேண்டும். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

அடி எதுவும் இல்லாமல் ஒரு ராத்திரியில் தோளில் பயங்கர வலி வந்து, சில நாளில் வலி தணியத் தணியக் கை விழுந்துபோகிற இன்னொரு நோயும் உண்டு, நரம்புப் பின்னலின் அழற்சி. கைக்குப் போகும் கழுத்து நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற இடம்தான் அந்தப் பின்னல். காய்ச்சலுக்குப் பிறகு வருவது வழக்கம். பலருக்கு மாதங்கள் எடுத்து மீளும், ஆனால் மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டியது.

எதுக்கு உடனே ஓடணும்?

இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்குப் பரவல் இருந்தால் கழுத்தையும் தோளையும் மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நடந்தால் வந்து, நின்றால் போகிற கை வலியும் இதயத்தின் எச்சரிக்கைதான். சர்க்கரைக்காரருக்கு நெஞ்சு வலி இல்லாமலும் வரும்.

இரண்டு கையும் தடுமாறி, பொத்தான் போட முடியாமல், நடை தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடு போனால் தண்டுவடமே அழுந்துகிறது. அதே நாளில் பார்க்கவேண்டும். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். நெடுநாள் பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஓயாத தோள் வலி, சுண்டுவிரல் பக்க மரப்பு, எடை குறைவு, ஒரு கண்ணிமை மட்டும் தொங்கல் என்று சேர்ந்து வந்தால், நுரையீரல் உச்சியில் கட்டியா என்று நெஞ்சு எக்ஸ்ரே பார்க்காமல் விடக்கூடாது.

மெட்டு எறக்கத்துல பைக்ல விழுந்து தோள் எறங்கிருச்சு. ஏத்திட்டாங்க. ஆனா புஜம் மரமரன்னு இருக்கு, கையும் தூக்க வரல. நரம்பு போயிருச்சா?

தோள் இறங்கும்போது மூட்டைச் சுற்றி ஓடுகிற ஒரு நரம்பு இழுபடும். மேல்கையின் வெளிப்புறத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்திருப்பது அதன் அடையாளம். பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதத்தில் மீண்டுவிடும். ஆனால் உங்கள் வயது 40 தாண்டியிருந்தால் அத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த வயதில் தோள் இறங்கினால் தசைநாணும் சேர்ந்து கிழிவது சகஜம். "நரம்புதான், தானாச் சரியாகும்" என்று காத்திருந்து, தைக்கவேண்டிய காலம் தாண்டிப்போகும். அல்ட்ராசவுண்ட் ஒன்று கேட்டு வாங்குங்கள். இளவயதுக்காரருக்கு நேர்மாறு: கிழிசல் குறைவு, மறுபடி மறுபடி இறங்குவது அதிகம்.

விழுந்த வேகத்தில் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கை மொத்தமும் துணி போலத் தொங்கினால் அது நரம்புப் பின்னலே அறுந்த காயமாக இருக்கலாம். நரம்பு அறுவை செய்யவேண்டியிருந்தால் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்வதுதான் பலன் தரும். அதனால் முதல் மாதத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நீங்கள் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை.

தோள்லேருந்து கை வரைக்கும் எரியுது, சேலை பட்டாலே கூசுது. இது எதுல சேத்தி?

சட்டையைக் கழற்றித் தோலைப் பாருங்கள். ஒரே பக்கமாகக் கொப்புளம் கிளம்பியிருந்தால் அக்கி. கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி வந்துவிடும், அப்போது யார் பார்த்தாலும் கழுத்து நரம்பு என்றுதான் நினைப்பார்கள். சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவதே இது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன். காவி குழைத்து அக்கி எழுதுவது உங்கள் நம்பிக்கை. எழுதுங்கள், ஆனால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோள்ல ஊசி போட்டுக்கலாம்னு சொல்றாங்க. போடலாமா?

உறைந்த தோளின் ஆரம்ப வலிக்காலத்தில் ஸ்டீராய்டு ஊசி நல்ல உதவி. ஊசி தந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் வீண். சர்க்கரைக்காரருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளாகும்? கூலி போகுதே.

கழுத்து நரம்பு வலி பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அறுவை இல்லாமலே நன்கு குறைகிறது. தசைநாண் உரசலுக்கு மூன்று மாதப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த தோளின் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். கூலியை நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனால் அந்தக் கணக்கு நீளும். வர முடியாத நிலையில் படுத்திருப்பவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது என்பதை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ரெண்டும் சேந்தே இருக்குமா? கட்டப்பனையில ஒருத்தர் கழுத்துன்னாரு, தேனியில ஒருத்தர் தோள்னாரு. யாரை நம்புறது?

இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். கழுத்து வலியால் கையை அசைக்காமல் வைத்திருந்தே தோள் இறுகுவது உண்டு. ஐம்பது வயதுக்கு மேல், பந்தல் வேலை, சர்க்கரை என்று மூன்றும் சேர்ந்தவருக்கு இரண்டும் இருப்பது ஆச்சரியமே இல்லை. அப்போது கேட்கவேண்டியது, இன்றைய வலியில் பெரும்பங்கு எதனுடையது என்பது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தோளின் எலும்புக் கூரைக்கு அடியில் மரப்பு மருந்தை மட்டும் ஊசியாகப் போட்டு, சில நிமிடம் கழித்துக் கையைத் தூக்கச் சொல்வார்கள். வலி பெருமளவு மறைந்தால் அந்தப் பங்கு தோளுடையது. மிச்சம் நிற்பது பெரும்பாலும் கழுத்துடையது. அறுவை பற்றிப் பேச்சு வந்தால், அதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இரண்டு டாக்டரின் சீட்டுகளையும் படங்களையும் ஒரே பையில் போட்டு, மூன்றாவதாகப் பார்ப்பவரிடம் கொடுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மறைக்காதீர்கள். கேரளப் பக்கம் "தரிப்பு உண்டோ" என்று கேட்டால் மரத்துப்போகிறதா என்றுதான் கேட்கிறார். சும்மா தலையாட்டாமல், எந்த விரல் என்று தொட்டுக் காட்டுங்கள். எந்த அசைவில் வலி, எதுவரை இறங்குகிறது, ராத்திரி எந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, எந்தப் பொருள் கையிலிருந்து நழுவுகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால், கூட்ட நேரத்தில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிடலாம்.